சேர்வராயன் மலையின் அந்திப்பொழுது

1820-களில் சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைமேலுள்ள ஏற்காட்டில் காப்பிப் பயிரைப் புகுத்துவதற்கு நெடுங்காலம் முன்னரே, இங்கு வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்குச் சேர்வராயனே தஞ்சமளிக்கும் தெய்வம். குனிந்தே நுழைய வேண்டிய குகைக்குள் காவேரியம்மனோடு அவன் எழுந்தருளியிருக்கும் கோலம், அகந்தை தலைவணங்கிய பின்னரே சாந்தி கிட்டும் என்னும் தத்துவத்தை உபதேசிப்பது போலிருக்கிறது.

பிற்காலத்தில் தோட்டங்கள் பெருகின, தேவாலயங்கள் எழுந்தன, 1917-இல் மாண்ட்போர்ட் பள்ளியை நிறுவிய கபிரியேல் சகோதரர்களைப் போன்ற கத்தோலிக்கச் சபையாரும் வந்து சேர்ந்தனர். உறங்குமுன் அன்றைய குற்றங்குறைகளை ஆராய்ந்து, தேவ இரக்கத்தை இறைஞ்சி, இரவை ஆண்டவன் கரத்தில் ஒப்படைப்பது கத்தோலிக்கத் துறவிகளின் புராதன வழக்கம். காப்பிப்பழம் பறித்த கைகள் ஓய்ந்து, பனிமூட்டம் ஏற்காட்டு ஏரியின்மேல் கவியும் அந்திவேளையில், குகைக்கோயிலின் தீபத்தை நினைப்பவரும் தேவாலயத்தில் மண்டியிடுபவரும், அன்று முடித்ததையும் முடியாததையும் ஒருசேர ஒரே கருணையின் திருவடியில் இறக்கிவைத்துவிட்டே கண்ணயர்கிறார்கள்.