கம்பியில் தங்கிவிட்ட பழைய படம்

புதிதாக வாங்கிய பெரிய தட்டைத்திரை டிவியில் படம் மங்கலாக இருக்கிறது, முகங்கள் வழவழவென்று களிம்பு பூசியதுபோல் தெரிகின்றன, பழைய பிக்சர் டியூப் டிவியிலேயே இதைவிட நன்றாக வந்தது என்ற புகார் தமிழ்நாட்டு வீடுகளில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கிறது. கேட்டவுடன் சந்தேகம் திரையின்மேல்தான் விழுகிறது. பேனல் மட்டம், கம்பெனி ஏமாற்றிவிட்டது, மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்று பேச்சு போகிறது. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பழுது திரையில் இல்லை. நிலையத்திலிருந்து வீடு வரை படம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. அந்த வழி பிக்சர் டியூபை மனத்தில் வைத்து, அதன் குறைகளுக்கும் சலுகைகளுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. பெட்டி மாறியது, வழி மாறவில்லை. இதை விளங்கிக்கொள்ள நம் ஊரில் படம் வீடு வந்த வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அது அனுப்பிய படம் 625 வரிகள் கொண்டது. அவற்றில் படத்தைச் சுமப்பவை ஏறத்தாழ 576. வினாடிக்கு 25 முழுப் படங்கள் ஒரே வீச்சில் அனுப்பப்படவில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று 50 அரைப் படங்களாகப் பிரிந்து சென்றன. வீட்டுக் கூரையில் ஆண்டெனா, அதிலிருந்து இறங்கும் ஒயர், பெட்டி. அவ்வளவுதான் வழி. சென்னையிலிருந்து எட்டிய ஊர்களில் கம்பத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். தென் கடலோர மாவட்டங்களிலோ 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் பலர் பார்த்த முதல் தொலைக்காட்சி. கடலின்மேல் காற்றடுக்குகளில் வெப்பநிலை தலைகீழாகும் நாட்களில் அலை வளைந்து வெகுதூரம் வந்து சேரும். மறுநாள் அதே ஆண்டெனாவில் வெறும் புள்ளிகள். பூஸ்டர் வாங்கி மாட்டினார்கள். பூஸ்டர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, அதனுடன் சேர்ந்து வந்த இரைச்சலையும் பெருக்குகிறது. அதனால் அதைக் கம்பத்தின் உச்சியில், ஆண்டெனாவை ஒட்டி வைத்தால்தான் பயன். டிவிக்குப் பின்னால் வைத்தால் ஒயரில் ஏற்கெனவே தேய்ந்துபோன சிக்னலைத்தான் அது பெரிதாக்கித் தரும். இதைத் தெரிந்த மெக்கானிக்கும் தெரியாத மெக்கானிக்கும் மாட்டிய இரண்டு வீடுகளில், ஒரே பெட்டி இரண்டு விதமாகப் படம் காட்டியது. படத்தின் தரம் பெட்டிக்கு வெளியே தீர்மானமாகிறது என்பதற்கு அந்தக் காலமே முதல் சான்று.

அந்தப் படத்துக்கு ஒரு பெருங்குணம் இருந்தது: தன் நோயைத் தானே சொன்னது. திரை முழுக்கப் புள்ளி அடித்தால் சிக்னல் பலவீனம். மீன்முள் போல் சாய்கோடுகள் ஓடினால் வேறொரு நிலையத்தின் அலை குறுக்கிடுகிறது. அகலமான இருண்ட பட்டை மெல்ல மேலேறினால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எங்கோ நுழைந்திருக்கிறது. எர்த்தையும் பவர் சப்ளையையும் பார்க்க வேண்டும். எனக்கு மிக வியப்பானது நிழல் படம். முகத்துக்கு வலப்பக்கம் அதே முகம் மங்கலாக இன்னொன்று விழும். நேராக வந்த அலையோடு, ஏதோ கட்டடத்திலோ குன்றிலோ மோதித் தாமதமாக வந்த அலையும் சேர்வதால் வருவது அது. ஒரு வரியின் படப்பகுதியைத் தீட்ட 52 மைக்ரோ வினாடி ஆகிறது. திரை 40 செ.மீ. அகலம் என்றால், நிழல் 1 செ.மீ. தள்ளி விழுந்தால் தாமதம் 1.3 மைக்ரோ வினாடி. அதாவது அந்த அலை சுமார் 390 மீட்டர் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஓர் அளவுகோலைத் திரைமேல் வைத்தே குற்றவாளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று கணிக்கலாம். சோலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே டிவிகள் உருவான காலத்தில், மெக்கானிக் ஒருவரே மாடி ஏறி ஆண்டெனாவைத் திருப்பினார், இறங்கி வந்து பின்மூடியைக் கழற்றினார். ஆண்டெனா முதல் டியூப் வரை பொறுப்பு ஒரு கையில் இருந்தது.

பிக்சர் டியூபோ படத்தின் பல குறைகளை மறைத்தும் கொடுத்தது. அந்த ஒளிபரப்பில் படத்துக்கு ஒதுக்கப்பட்ட அலையகலம் 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வரியில் ஏறத்தாழ 520 புள்ளிகளுக்குமேல் நுட்பம் அதில் அடங்காது. ஆனால் டியூபின் எலக்ட்ரான் கற்றை கூர்மையான சதுரப் புள்ளிகளை வைப்பதில்லை. ஓரங்கள் குழைந்த ஒளியை வைக்கிறது. வரிக்கு வரி இடைவெளி தானாக நிரம்பிவிடும். அரைப் படம் அரைப் படமாக வந்ததை டியூப் அப்படியே தீட்டிக் காட்டியது; ஒன்றாக்கிக் கோக்கும் வேலையே அதற்கு இல்லை. படத்தின் ஓரங்களில் சில விழுக்காட்டைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவதும் வழக்கம். ஓரத்தில் இருந்த குப்பை யார் கண்ணிலும் படவில்லை. இத்தனைக்கும் மேல் பெட்டி சிறியது, பார்த்த தூரமும் அதிகம்.

1991-க்குப் பிறகு கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியபின் தமிழ்நாட்டில் கேபிள் இல்லாத தெரு அரிதாகிவிட்டது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து மின்கம்பங்கள் வழியே கோஆக்சியல் ஒயர் போனது. சிக்னல் தளரும் இடத்தில் எல்லாம் ஓர் ஆம்ப்ளிஃபையர். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். அண்டை வீட்டுக்குப் பிரித்துத் தரும் ஒவ்வொரு ஸ்பிளிட்டரும் சக்தியைப் பாதிக்கும் கீழே இறக்கும். லைனின் கடைசியில் இருந்த வீடு மிச்சத்தைப் பார்த்தது. இருந்தும் பெரிய முறையீடு எழவில்லை, ஏனென்றால் டியூப் பூசி மெழுகியது. 2006-இல் தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வந்தவை 14 அங்குல டியூப் பெட்டிகள். கடைகளில் எல்.சி.டி. விற்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. டிவி என்பதையே தொட்டறியாத வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோனது சிறிய காரியமல்ல. ஆனால் தமிழ்நாட்டுக் கேபிள் வலையமைப்பு தன் தரத்தை அளந்துகொண்டது அந்த 14 அங்குலத்தை வைத்துத்தான். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தபோதும் கம்பியில் ஓடியது அனலாக் படமே.

இந்தக் கம்பியின் முனையில் 43 அங்குலத் திரையை மாட்டினால் என்ன ஆகும்? 14 அங்குலப் பெட்டியின் திரைப் பரப்பைவிட அது எட்டு மடங்குக்கும் பெரிது. ஒரே லைன், ஒரே சானல், பழைய டிவியில் தெளிவு, புதியதில் மங்கல். அப்படியானால் குற்றம் புதியதில்தானே என்பது வலுவான வாதம்போல் தோன்றும். லைன் ஒன்றாக இருப்பதுதான் அந்த வாதத்தின் ஓட்டை. சாதாரண டிஜிட்டல் படம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள், சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளி உண்மையில் வந்தால் மீதிப் பத்தொன்பதையும் டிவி ஊகித்து நிரப்ப வேண்டும். அரைப் படங்களை ஒட்டி முழுப் படமாக்க வேண்டிய வேலையும் இப்போது டிவியின் தலையில். செய்திச் சானலில் அடியில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள்; ஓரங்கள் சீப்புப் பல்லாகப் பிய்ந்து தெரிந்தால் அந்த ஒட்டுவேலை தோற்றிருக்கிறது. நாலுக்கு மூன்று என்ற அளவில் வரும் பழைய படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். பழைய டிவி நல்ல படம் காட்டவில்லை. கெட்ட படத்தை மறைத்தது. அதே புதுத் திரையில் இணையம் வழியாக நல்ல தரத்தில் ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்தாலே வழக்கு முடிந்துவிடும்: அது தெளிவாக இருந்தால் பேனலின்மேல் குற்றமில்லை.

டிஜிட்டல் வந்தபின் இது தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். செட்டாப் பாக்ஸ் சென்னைக்குப் புதிதல்ல. கட்டணச் சானல்களுக்காக 2003-இலேயே வந்தது. சட்டப்படி நகரம் முழுக்க டிஜிட்டலாக 2012 அக்டோபர் 31 கெடு விதிக்கப்பட்டது, வழக்குகளில் இழுபட்டது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017-இல்தான். அப்படி வந்த சாதாரண பாக்ஸ்களைப் பெரும்பாலும் டிவியோடு இணைத்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின் கொண்ட ஏ.வி. ஒயர். படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் பின் வழியாகத்தான் போகிறது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து, 1960-களில் ஜெர்மனியில் வகுத்த பால் (PAL) வண்ணமுறையில் கட்டப்பட்டு, மறுமுனையில் பிரிக்கப்படுகின்றன. பிரிப்பு ஒருபோதும் சுத்தமாக இருக்காது. டிஜிட்டலாக வீட்டு வாசல் வரை வந்த படம் கடைசி ஒரு மீட்டரில் மறுபடியும் அனலாக் ஆகிறது. படத்தை டிஜிட்டலாகவே கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் வரையறை 2002-இலேயே வெளிவந்துவிட்டது. ஏ.வி. ஒயர் இன்றும் பல வீடுகளில் சுவரோரம் தொங்குகிறது. அதற்கு முந்தைய கட்டத்திலும் நெரிசல் உண்டு. கேபிளில் ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வழக்கமான முறையில் வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகலாம். அதில் இருபது சானல்களை அடைத்தால் ஒன்றுக்கு இரண்டு மெகாபிட்கூடத் தேறாது. டி.வி.டி.யில் இது 9 வரை போகும். நெருக்கிய படத்தில் முகத்தின் நுட்பம்தான் முதலில் பலியாகும்; அந்தக் களிம்பு பூசிய முகம் இங்கே பிறக்கிறது.

தட்டைத்திரை மாசற்றது என்று நான் வாதிடவில்லை. எல்.சி.டி.யில் கருப்பு முழுக் கருப்பாக வராது. மலிவான பேனலைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை பிடித்து நிறுத்துவதால் ஓடும் பந்து இழுபடும். இவை பிறவிக் குறைகள். இன்னும் சில கடைக்காக வைத்தவை. பளீரென்ற விளக்கொளியில் பத்து டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுக்க, விவிட் என்ற அமைப்பில் நீலம் தூக்கலாக வருகிறது. ஷார்ப்னஸை ஏற்றினால் இல்லாத நுட்பம் வராது. ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும், நெரிசலில் பிறந்த கட்டங்களும் சேர்ந்து துலங்கும். வினாடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவுக்கு நடுவே டிவியே படங்களை இட்டுக்கட்டிச் செருகும்போது சினிமா சீரியல்போல் ஆகிறது. டியூப் காலத்து ஓர வெட்டு இன்னும் பல டிவிகளில் தொடக்க அமைப்பாகவே இருக்கிறது. மறைக்க எதுவுமில்லாத எச்.டி. படத்தையும் அது பெரிதாக்கி மங்கலாக்குகிறது. நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இவற்றில் பல ரிமோட்டில் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியவை. மஞ்சள் பின்னில் தொலைந்த நுட்பத்தை எந்த மெனுவும் திருப்பித் தராது.

உண்மையான இழப்பு, முழு வழியையும் ஏறிப் பார்த்த அந்த ஒரு ஆள் இல்லாமல் போனதுதான். கம்பெனியிலிருந்து வருபவர் சுவரில் மாட்டி, டெமோ காட்சியை ஓட்டிக் காட்டி, பேனல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறார். கேபிள்காரர் சிக்னல் அளவைப் பார்த்து, எங்கள் பக்கம் சரி என்கிறார். இருவர் சொல்வதும் பொய்யல்ல. டிஜிட்டல் படம் பழைய படத்தைப்போல் தன் நோயைச் சொல்வதுமில்லை; சிக்னல் தளர்ந்தால் ஒரு கட்டம்வரை எதுவும் தெரியாது, பிறகு திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பாக்ஸ் எச்.டி.யா, எச்.டி. சானல் தொகுப்பில் இருக்கிறதா, எந்த ஒயரில் இணைத்திருக்கிறது, பாக்ஸின் வெளியீடு 1080-இல் வைக்கப்பட்டிருக்கிறதா, பட அளவு இழுக்கப்படாமல் இருக்கிறதா என்ற கேள்விகள் இருவருக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கின்றன. தவணையில் 4கே வாங்கும் குடும்பம் அதன் இருபதில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. டிவி மாட்ட வருபவர் நிரப்பும் படிவத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் கட்டாயமாக்கலாம். எச்.டி. பாக்ஸ் கொடுக்கும் கேபிள்காரர் எச்.டி.எம்.ஐ. ஒயரைத் தானே மாட்டி, படத்தை வீட்டாரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதிக்கலாம்.