செயல் அலுவலர்

செயல் அலுவலர் என்ற பதவிப் பெயர் தமிழ்நாட்டில் இரு வேறு நிர்வாகிகளைக் குறிக்கும்: ஒருவர் பேரூராட்சியின் அலுவலகத் தலைவர், மற்றவர் இந்து சமய அறநிலையத் துறையின்கீழ்க் கோயிலையும் அதன் சொத்துகளையும் பார்ப்பவர். காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியானது; அங்கு நகர நிர்வாகம் ஆணையர் கையில் உள்ளது. குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளில் முதல்வகைச் செயல் அலுவலரைக் காணலாம்.

காஞ்சி நகரின் ஒரு பகுதியான பெரிய காஞ்சிபுரத்தில் இச்சொல் கோயில் அதிகாரியையே முதலில் நினைவூட்டும். அரசு அலுவலர் கோயில் கணக்கைப் பார்ப்பது இவ்வூருக்குப் பழையது. 1794 முதல் 1798 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், காஞ்சிக் கோயில்களின் வருவாயைத் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார். இன்றைய பதவிக்கு அடிப்படை 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 45ஆம் பிரிவு.

குத்தகை, வாடகை வசூல், உண்டியல் திறப்பு, நகைப் பதிவேடு, பசலி ஆண்டுக் கணக்கு ஆகியவை கோயில் செயல் அலுவலரின் வழக்கமான வேலைகள். நிலமே பெரிய தலைவலி: ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற 78ஆம் பிரிவின்படி இணை ஆணையரிடம் போக வேண்டும். பொறுப்புக்கு ஈடான அதிகாரம் இல்லை என்றே சொல்லலாம். பூசை முறை அர்ச்சகர்களுக்கு உரியது.

சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், நிர்வாகச் சீர்கேட்டைச் சரிசெய்யும் அளவுக்கே செயல் அலுவலர் நியமனம் நீடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.