ஆடுகளமும் போர்க்களமும்

1934-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சென்னைச் சேப்பாக்கம் மைதானம் தன் முதல் டெஸ்ட் பந்தயத்தைக் கண்டது. இந்தியாவை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணியின் இடக்கைப் பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி, நம்மவரின் முதல் இன்னிங்ஸில் 49 ரன்களே கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒன்பதே ஆண்டுகளில் அவர் போரில் மடிவார் என்று அன்று யார்தான் எண்ணியிருப்பர்?

வெரிட்டி 1905-இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். யார்க்‌ஷயர் அணிக்காக ஆடியவர். வேகமன்று, பொறுமையே அவர் படைக்கலம். எதிரே நிற்பவரின் மனப்போக்கை ஆராய்ந்து, குறித்த இடத்திலேயே பந்தை விழச் செய்வார். 1932-இல் நாட்டிங்ஹாம்ஷயர் அணியின் 10 விக்கெட்டுகளையும் 10 ரன்களுக்கே கவர்ந்தார். 1934-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியரின் 15 விக்கெட்டுகளைச் சாய்த்தார்; அவற்றுள் 14 ஒரே நாளில் வீழ்ந்தவை. டெஸ்ட் பந்தயங்களில் மாவீரர் பிராட்மனை 8 முறை ஆட்டமிழக்கச் செய்தவரும் இவரே.

1938-இல் ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்தது. படையில் சேர்ந்தால் தம் கடமையைச் செவ்வனே ஆற்றவேண்டும் என்று கருதிய வெரிட்டி, இராணுவ அதிகாரி ஒருவரை அணுகிப் போர்க்கலை நூல்களைப் பெற்றுப் பயின்றார். பந்து வீச்சைக் கற்ற அதே கருத்தூன்றலோடு இதனையும் கற்றார்.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள், ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. அன்று ஹோவ் நகரில் சஸெக்ஸ் அணியை எதிர்த்து ஆடிய வெரிட்டி, 9 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் ஆடிய கடைசி முதல்தரப் பந்தயம் அதுவே. அப்போது அவருக்கு வயது 34; ஆற்றலோ சிறிதும் குன்றவில்லை.

கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் காப்டன் பதவி பெற்ற அவர், 1943 ஜூலையில் சிசிலித் தீவில் இறங்கினார். கட்டானியாச் சமவெளியில், ஓர் இரவுத் தாக்குதலில் தம் வீரர்களை முன்னின்று நடத்தியபோது மார்பில் குண்டு பாய்ந்தது. வீழ்ந்த நிலையிலும், தொடர்ந்து முன்னேறுமாறே தம் வீரர்க்குப் பணித்தார். பகைவர் கையில் சிறைப்பட்ட அவர், ஜூலை 31-ஆம் நாள் இத்தாலியின் கஸெர்ட்டா நகரில் உயிர் நீத்தார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

முதல்தரப் பந்தயங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 1,956. போர் குறுக்கிடாதிருந்தால் அக்கணக்கு எவ்வளவு வளர்ந்திருக்கும்! மாணவர்களே, போரில் வென்றோர் தோற்றோர் கணக்கை வரலாறு எழுதி வைக்கிறது. அது அழித்த திறமைகளின் கணக்கையோ எவரும் எழுதி முடித்ததில்லை. ஏற்ற பணி எதுவாயினும் அதனைக் கற்றுத் தெளிந்து செய்யவேண்டும் என்பது வெரிட்டியின் வாழ்க்கை கூறும் பாடம். அத்தகையோரைப் போருக்குப் பலியிடாத உலகை அமைக்கவேண்டும் என்பது அவர் மரணம் கூறும் பாடம்.