தென்பெண்ணையின் கதவுகள்

நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாய் ஓடி, ஓசூருக்கு அருகே தமிழக எல்லைக்குள் நுழைகின்றது. கன்னடத்தார் அதனைத் தட்சிண பினாகினி என்பர். முதலில் கெலவரப்பள்ளி அணை, அப்பால் கிருஷ்ணகிரி, இன்னும் கீழே சாத்தனூர். (கெலவரப்பள்ளியில் மலைபோல் எழும் நுரை, மேலேயுள்ள மாநகரின் கழிவு நமக்கு அனுப்பும் ஓலை, அது தனிக்கதை.)

காமராசர் முதல்வராயிருந்த 1950களின் பிற்பகுதியில் எழுந்த கிருஷ்ணகிரி அணையின் பணி, 9,012 ஏக்கருக்குப் பாசனம் தருவது. முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. உழவனுக்கு நிரம்பிய அணையே செல்வம். வெள்ளக் காலத்திலோ வெற்றிடமுள்ள அணையே காவல். ஒரே நீர்த்தேக்கத்திடம் இரண்டையும் கேட்கிறோம்.

2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறக்குறைய நிரம்பி நின்ற வேளையில், எட்டு மதகுகளுள் முதலாவது உடைந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீரின் அழுத்தத்தைத் தாங்கிய இரும்பு அது. உடைந்த கதவைச் சீர்செய்ய, நீர்மட்டம் அதன் அடிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். பயிருக்கென்று சேர்த்த நீர் ஆற்றோடு போயிற்று. கிருஷ்ணகிரி முதல் கடலூர் வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டனர். மற்ற ஏழு கதவுகளும் பின்னரே மாற்றப்பட்டன. 2024 ஆகஸ்டு 10 இரவு துங்கபத்திரையின் 19-ஆம் மதகு சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. சுவரை வியக்கும் நாம், துருவேறும் சங்கிலியை நினைப்பதில்லை. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்த வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. ஆய்வு எளிது, பழுது நீக்கப் பணம் ஒதுக்குவதே அரிது.

கதவுகள் செம்மையாயிருப்பினும் இடர் நீங்குவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் விளைவாய், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின. படிப்படியாக எச்சரித்தோம் என்றது அரசு. போதிய முன்னறிவிப்பு இல்லை என்றனர் எதிர்க்கட்சியினர். எது உண்மையாயினும், அலுவலகங்களுக்கிடையே விரையும் செய்தி, நள்ளிரவில் ஆற்றோரக் குடிசையில் உறங்குபவரை எழுப்ப வேண்டுமே! அவ்வூர்களில் கோவில் மணி உண்டு, மசூதியின் ஒலிபெருக்கி உண்டு, சிலவற்றில் நம் பங்கு ஆலய மணியும் உண்டு. வெள்ளச் செய்தி வந்தால் அதை அடிப்பவர் யார், அவருக்குச் சொல்பவர் யார் என்பதை மழைக்கு முன்பே எழுதி வைக்கலாம்.