ஏரியின் பொறுப்பு யாருடையது?

பருவநிலைக்கான தேசியச் செயல்திட்டம் 2008-இல் வந்தது. மாநிலங்களும் தத்தம் திட்டங்களை எழுதின. திட்டம் மேலே, வேலை கீழே, பணம் வேறெங்கோ என்ற இந்த ஏற்பாடு தமிழகத்து ஏரிகளுக்குப் பழகிப்போனது. எப்போதும் அப்படி இருந்ததில்லை: 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஊர்ச்சபையின் குழுக்களில் ஏரி வாரியம் என்றே ஒன்று இருக்கிறது. காலனி அரசு நிலவரியைத் தான் எடுத்துக்கொண்டு, 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மராமத்து உழைப்பை மட்டும் ஊரார் மீது கட்டாயமாக்கியது. வருவாயையும் கடமையையும் பிரித்த அந்த இடத்தில்தான் சீரழிவு வேரூன்றியது என்பேன். பின்னாளில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். நடுவே ஒரு வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும் தொடர் முழுதும் காயும், அல்லது பெருமழையில் கரை உடையும்.

ஊராரே ஏரியைப் பராமரித்த பழைய குடிமராமத்தைப் புகழ்வது சாதி ஒடுக்குமுறையை மறைப்பதாகும் என்ற மறுப்பு நியாயமானது. மண் சுமந்தவர்களில் பலருக்கு நிலமும் இல்லை, நீர்ப் பங்கும் இல்லை. அந்த ஊர்ச்சபை திரும்ப வேண்டியதில்லை. ஆனால் ஏரிகளை ஒப்படைக்க இன்றைய ஊராட்சிகளிடம் திறமை இல்லை என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. 1992-இன் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சிறுபாசனத்தை அவர்களுக்குரிய பொருளாகப் பட்டியலிட்டது. பணியாளரையும் நிதியையும் தருவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. பொறியாளரையே கொடுக்காத அமைப்பிடம் திறமை எங்கிருந்து வரும்?