கார் ஷெட் கிட்: ஒரு விவரத் தாளுக்கு உரை

நட்டு-போல்ட் போட்டுப் பூட்டும் ரெடிமேடு கார் ஷெட்டுக்கு விலை கேட்டால் கூடவே ஒரு விவரத் தாளும் வரும். கடைக்குக் கடை சொற்கள் மாறினாலும் சாரம் கீழே உள்ள ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். குறிப்பாக நான்காவது வரியை.

“அளவு: 10 × 18 அடி.”

இது பெரும்பாலும் கூரையின் அளவு. தூண்களுக்கு நடுவே கிடைக்கும் இடம் இதைவிடக் குறைவு. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இன்னோவா கிரிஸ்டாவின் அகலம் 1.83 மீட்டர், அதாவது 6 அடி. இரு பக்கமும் கதவைத் திறந்து இறங்க இரண்டரை அடி விட்டால் 11 அடி ஆகிவிடுகிறது.

“கூரை: பாலிகார்பனேட் ஷீட், யூவி பூச்சுடன்.”

பூச்சு பல ஷீட்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்பதை மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டிருப்பார்கள். தாளை உரிப்பதற்கு முன்பே பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்காவிட்டால் ஷீட் வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். இந்த ஷீட் சூட்டில் நீளவும் செய்யும்: 40 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மீட்டர் நீளம் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும். அதனால் ஸ்க்ரூவின் தடிமனைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷரும் வேண்டும்.

“காற்று வேகம்: நொடிக்கு 39 மீட்டர் வரை தாங்கும்.”

எந்த ஊருக்கு? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி (2015) கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகமாக 39 மீட்டரைக் குறிக்கிறது. சென்னைக்கு அது 50. வேகத்தின் இருமடிக்கேற்ப அழுத்தம் கூடுவதால், சென்னையில் காற்றின் அழுத்தம் கோவையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மதுரைக்குப் போதுமான கிட்டை அதே விலைக்குச் சென்னையில் விற்றால் வாங்காதீர்கள்.

“அடித்தளம் வாடிக்கையாளர் பொறுப்பு.”

தாளின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரிதான் முழு ஷெட்டையும் பிடித்து நிறுத்துகிறது. வீட்டுக்கு அடித்தளம் போடுவது கட்டடம் கீழே இறங்காமலிருக்க. கார் ஷெட்டுக்கோ, அது மேலே எழும்பாமலிருக்க. நொடிக்கு 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் தரும். 10 × 18 அடிக் கூரை ஏறக்குறைய 17 சதுர மீட்டர். மொத்தம் இரண்டரை டன். அதில் பாதிதான் கூரையைத் தூக்குகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒன்றேகால் டன் வருகிறது. ஷெட்டின் சொந்த எடையோ சில நூறு கிலோதான். நான்கு தூண் என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் 300 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். 2 அடி நீளம், அகலம், ஆழம் உள்ள கான்கிரீட் கட்டி சுமார் 540 கிலோ இருக்கும், அதை நம்பலாம். பார்க்கிங் டைல்ஸைத் துளைத்து நான்கு ஆங்கர் போல்ட் அடித்துவிட்டு, “ஸ்ட்ராங்கா நிக்கும் சார்” என்று சொல்வதை நம்பவே கூடாது. டைல்ஸுக்கடியில் இருப்பது பல வீடுகளில் மெல்லிய கான்கிரீட் படுகை மட்டுமே. கிட்டின் விலையை ஒப்பிடும்போது குழி, கம்பி, கான்கிரீட், கொத்தனார் கூலி எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

“போல்ட்டுகளை இறுதியில் இறுக்கவும்.”

முதலில் எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்கி, இரண்டு குறுக்களவுகளையும் டேப் பிடித்துப் பாருங்கள். 10 × 18 அடிச் சட்டத்தில் இரண்டும் 20 அடி 7 அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் சட்டம் கோணல். அப்போதே தள்ளிச் சரிசெய்துவிட்டு ஸ்பேனரை எடுக்கலாம். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பாருங்கள்.