857 தளங்களும் ஒரு தஞ்சாவூர்க் காவியமும்

2015 ஜூலை 31 அன்று மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 857 இணையதளங்களை முடக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஆபாசத் தளங்கள் என்று ஒரு பட்டியல். அதில் வெறும் ஜோக் போடுகிற தளமும் மாட்டிக்கொண்டது. சில நாளில் அரசே பின்வாங்கி, குழந்தைகளை வைத்து எடுத்தவற்றுக்கு மட்டும் தடை என்றது. அன்றைக்கு ஆபீஸ் கேண்டீனில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். டிஎன்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவனுக்கு, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டையே காணோம் என்று சொல்கிற கதை அது.

போன வருஷம் அதே வேலையை என் வீட்டு ரவுட்டரில் நானே செய்தேன். பையனுக்கு வயது 14. என் தடை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எப்படி உடைத்தான் என்று பார்த்தபோது கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது (வீட்டில் சொல்லவில்லை).

அதற்குப் பிறகுதான், தடைகள் இதுவரை எதைத் தடுத்திருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் நம்ம தஞ்சாவூர்.

18-ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்தவர் முத்துபழனி. தேவதாசி மரபில் வந்தவர். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' என்று 584 பாடல்களில் ஒரு சிருங்கார காவியம் எழுதினார். தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டு, பிறகு பொறாமையில் வேகிறாள் ராதை. கண்ணன் வந்து சமாதானப்படுத்துகிறான். கதை அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே ஒரு கட்டம் இருக்கிறது. முதலிரவுக்குப் போகும் இளாவிடம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ராதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். கண்ணனையும் கூப்பிட்டு, அவள் சின்னப் பெண், மென்மையாக நடந்துகொள் என்கிறாள்.

இந்தக் காவியத்தை மறுபடி வெளிக்கொண்டுவந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆமாம், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாரே, அவரேதான். முந்தைய அச்சுப் பதிப்பில் முன்பகுதியும் பல பாடல்களும் வெட்டப்பட்டிருந்தன. அவர் ஏட்டோடு ஒப்பிட்டு, 1910-ல் வாவிள்ளா பதிப்பகத்தின் மூலம் முழுதாகக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கந்துகூரி வீரேசலிங்கம். விதவை மறுமணத்துக்காகப் போராடிய பெரிய மனிதர். அவருக்கே, ஒரு பெண் இதை எழுதியதுதான் பொறுக்கவில்லை. வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். இதைவிடப் பச்சையாக ஆண் எழுதிய ஒரு காவியம் அச்சேற வீரேசலிங்கமே உதவியிருக்கிறார் என்பதையும் சுட்டிக்காட்டினார். பலன் இல்லை. 1911-ல் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

அந்தக் காலத்துச் சட்டத்தின் அளவுகோல் 1868-ல் இங்கிலாந்தில் வந்த ஹிக்ளின் தீர்ப்பு. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனது இதைப் படித்தால் கெடுமா? கெடும் என்றால் ஆபாசம். ஊரிலேயே பலவீனமான வாசகனை வைத்து ஊருக்கே சட்டம். 1964-ல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' விற்ற பம்பாய்க் கடைக்காரரின் தண்டனையை நம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் இதை வைத்துத்தான். 2014-ல்தான் அதைக் கைவிட்டார்கள்.

முத்துபழனியின் காவியத்துக்குத் தடை நீங்கியது 1947-ல்.

இப்போது போனில் ஓடுவதும் முத்துபழனியும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. குழந்தைகளை வைத்து எடுப்பதும், சம்மதம் இல்லாமல் எடுத்துப் பரப்புவதும் குற்றம். அங்கே சட்டம் இன்னும் கடுமையாக வேலை செய்யணும் என்பதுதான் என் கட்சி. மீதியில் பெரும்பாலானதும் குப்பைதான். மென்மை என்ற ஒன்று அதில் கிடையாது. ஆனால் அந்தக் குப்பைக்கு மாற்றாக நாம் என்ன வைத்திருக்கிறோம்? பள்ளிகளுக்கு வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு திட்டம் வந்தது. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டன. ராதை இளாவுக்குச் சொன்னதைப் பறிமுதல் செய்தோம். டீச்சர் சொல்லவந்ததையும் நிறுத்தினோம். அப்புறம் பையன் போனில் பார்த்துக் கற்றுக்கொள்கிறான் என்று 857 தளங்களை மூடப் போனோம்.

ரவுட்டர் தடையை எடுத்துவிட்டேன். பேசுவதற்கு நான் கண்டுபிடித்த இடம் கார். அங்கே இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம். முதல் தடவை நான் திணறின திணறலைப் பார்த்து, "அப்பா, சிக்னல் விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்றான். பின்னாடி எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.